வேலை மாறினாலும் ஃபண்டை உடைக்காதீர்கள்: டர்பனில் சம்பளக் கணக்கு பார்ப்பவளின் யோசனைகள்

ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்குப் போகும்போது, பென்ஷன் ஃபண்டில் சேர்ந்திருக்கும் பணத்தைக் கையில் வாங்கிக்கொள்ளாதீர்கள். கீழே சொல்லப்போகும் மற்றதையெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை, இதை மறக்க வேண்டாம்.

நான் கும்பகோணத்துக்காரி. கல்யாணமாகி டர்பனுக்கு வந்தேன், சாட்ஸ்வொர்த்தில் குடியிருக்கிறேன். பைன்டவுனில் ஒரு தொழிற்சாலையில் சம்பளக் கணக்கு பார்க்கிற வேலை. நிதி ஆலோசகர் இல்லை, யாருக்கும் பாலிசி விற்பதும் இல்லை. ஆனால் யாருக்கு எவ்வளவு பிடித்தம், யார் வேலையை விடும்போது எவ்வளவு வாங்கிக்கொண்டு போகிறார் என்பதெல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகும். நல்ல சம்பளம் வாங்கிய சூப்பர்வைசர் அறுபது வயதில் கையைப் பிசைவதையும், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர் நிம்மதியாக வீட்டுக்குப் போவதையும் பார்த்திருக்கிறேன். சூப்பர்வைசர் மூன்று கம்பெனி மாறினார், மூன்று முறையும் ஃபண்டை உடைத்தார். ஃபோர்க்லிஃப்ட்காரர் உடைக்கவே இல்லை. அவ்வளவுதான் சங்கதி.

இரண்டு பானைக் கணக்கு

2024 செப்டம்பர் 1 முதல் தென்னாப்பிரிக்காவில் 'டூ பாட்' முறை வந்திருக்கிறது. அன்றிலிருந்து நீங்கள் ஃபண்டில் போடுவதில் மூன்றில் ஒரு பங்கு சேமிப்புப் பானைக்குப் போகும், மூன்றில் இரண்டு பங்கு ஓய்வுக்காலப் பானைக்குப் போகும். சேமிப்புப் பானையில் இருந்து வரி ஆண்டுக்கு ஒரு முறை எடுக்கலாம், குறைந்தது 2,000 ரேண்ட். ஓய்வுக்காலப் பானையை வேலையை விட்டாலும் தொட முடியாது. அந்தத் தேதிக்கு முன்னால் சேர்ந்தது தனியாகப் பழைய விதிகளின்படி நிற்கிறது. அதில் இருந்து 10 சதவீதம், அதிகபட்சம் 30,000 ரேண்ட், தொடக்கப் பணமாகச் சேமிப்புப் பானைக்கு மாற்றினார்கள்.

அந்த செப்டம்பர் மாதம் என் மேசைக்கு முன்னால் ஒரே கூட்டம். பீனிக்ஸில் இருந்து வரும் ஒரு பையன், மாதம் 22,000 ரேண்ட் சம்பளம், ஃபோனை நீட்டினான்.

"ஆன்ட்டி, 30,000 காட்டுது. வெள்ளிக்கிழமை வந்துடுமா?"

"முப்பதாயிரம் வராதுப்பா. சார்ஸ் முதலில் எடுத்துக்கும்."

"எவ்வளவு எடுத்துக்கும்?"

சார்ஸ் என்றால் இந்த நாட்டின் வரித்துறை. காகிதத்தில் எழுதிக் காட்டினேன். சேமிப்புப் பானையில் எடுப்பது அந்த ஆண்டின் சம்பளத்தோடு சேர்த்து வருமானமாகக் கணக்காகும். அவனுடைய சம்பளத்துக்கு மேல் வரும் பணத்துக்கு 26 சதவீத வரி. 30,000-ல் 7,800 அங்கேயே போய்விடும். ஃபண்டின் நிர்வாகக் கட்டணம் வேறு. பழைய வரி பாக்கி இருந்தால் அதையும் சார்ஸ் இதிலேயே பிடித்துக்கொள்ளும். கைக்கு வருவது 22,000 சொச்சம். அதே 30,000-ஐ விட்டுவைத்து, விலைவாசிக்கு மேல் ஆண்டுக்கு 5 சதவீதம் வளர்ந்தால், 25 ஆண்டில் இன்றைய மதிப்பிலேயே ஒரு லட்சத்தைத் தாண்டும். பையன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, காரின் கியர்பாக்ஸ் போய்விட்டது என்றான். சரி, அது இல்லாமல் வேலைக்கு வர முடியாது. ரிப்பேருக்கு வேண்டிய அளவு மட்டும் எடுக்கச் சொன்னேன். எடுப்பதே பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு மார்ச் மாதமும் போனஸ் மாதிரி எடுப்பதுதான் கெடுதல்.

பெரிய ஓட்டை இன்னும் திறந்தேதான் இருக்கிறது. 2024 செப்டம்பருக்கு முன் சேர்ந்த பணத்தை வேலையை விடும்போது இப்போதும் எடுக்கலாம். அதில் முதல் 27,500 ரேண்டுக்குத்தான் வரி இல்லை, அதற்கு மேல் 18 சதவீதத்தில் தொடங்குகிறது. அதையே ஓய்வுபெறும்போது மொத்தமாக வாங்கினால் முதல் 5,50,000 ரேண்டுக்கு வரி கிடையாது. இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. இப்படி வேலையை விடும்போது எடுத்த ஒவ்வொரு தொகையையும் சார்ஸ் குறித்து வைத்திருக்கும். ஓய்வுபெறும்போது அந்த 5,50,000-ல் இருந்து அதைக் கழித்துவிடும். முப்பது வயதில் எடுத்ததற்கு அறுபதில் இன்னொரு முறை வரி விழுகிற மாதிரிதான்.

வேலையை விடும்போது தரும் ஃபார்மில் பணத்தை என்ன செய்வது என்று கேட்டிருப்பார்கள். புது கம்பெனியின் ஃபண்டுக்கு மாற்றலாம், பணத்தை அப்படியே காத்துவைக்கும் பிரிசர்வேஷன் ஃபண்டுக்கு மாற்றலாம், அல்லது பழைய ஃபண்டிலேயே, இனிப் பணம் கட்டாத 'பெய்ட் அப்' உறுப்பினராக விட்டுவிடலாம். மூன்றுக்கும் வரி இல்லை. 2019 மார்ச் முதல் உள்ள விதிப்படி, நீங்கள் ஒன்றும் எழுதிக் கொடுக்காவிட்டால் பணம் அங்கேயே நிற்க வேண்டும். ஆகவே, "நாளைக்கே எதிலாவது டிக் பண்ணிக் கொடுங்கள்" என்று யாராவது அவசரப்படுத்தினால் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமாகப் படியுங்கள்.

இப்படி விட்டுவைத்தால் ஃபண்டின் பெயர், உறுப்பினர் எண், கடைசி அறிக்கை மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். எண்பதுகளில் டர்பன் துணித் தொழிற்சாலைகளில் தைத்த அக்காமார்கள் எத்தனையோ பேர். 1994-க்குப் பிறகு இறக்குமதி வரி குறைந்து கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடியபோது, கடைசி மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள். அப்படிப்பட்டவர் உங்கள் வீட்டிலும் இருந்தால், நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்.எஸ்.சி.ஏ-வின் இணையத்தளத்தில் கேட்பாரற்றுக் கிடக்கும் ஃபண்ட் பணத்தைத் தேடும் வசதி இருக்கிறது. அதில் அடையாள எண்ணைப் போட்டுப் பாருங்கள், செலவில்லை. கண்டுபிடித்துத் தருகிறேன் என்று கமிஷன் கேட்டு வருகிறவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

பே ஸ்லிப்பில் பார்க்க வேண்டியது

எல்லோரும் கடைசி வரியை மட்டும் பார்ப்பார்கள். நடுவில் ஃபண்ட் பிடித்தம் எந்தத் தொகையின் மேல் கணக்கிடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பல கம்பெனிகளில் மொத்தச் சம்பளத்தில் ஒரு பகுதியைத்தான் பென்ஷனுக்குரிய சம்பளமாக எடுத்துக்கொள்வார்கள். 22,000 சம்பளம், 7.5 சதவீதம் பிடித்தம் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். உண்மையில் 16,000-க்குத்தான் பிடித்திருப்பார்கள். அதிலிருந்தும் ஆயுள் காப்பீடு, ஊனக் காப்பீடு, நிர்வாகச் செலவு எல்லாம் போய் மிச்சம்தான் உங்கள் பெயரில் சேரும். அந்த மிச்சம் எவ்வளவு என்று ஆண்டு அறிக்கையில் இருக்கும். இல்லையென்றால் எங்களைப் போன்றவர்களிடம் கேளுங்கள். கேட்டால் சொல்வது எங்கள் வேலை. கேட்பவர்தான் குறைவு.

கூடுதலாகப் போட முடியுமா என்றும் கேளுங்கள். ஓய்வுக்கால ஃபண்டுகளில் போடுவதற்கு, வருமானத்தில் 27.5 சதவீதம் வரை வரிக் கழிவு உண்டு, அதற்கு மேல் ஆண்டு உச்சவரம்பும் உண்டு. அந்தப் பீனிக்ஸ் பையன் மாதம் 500 ரேண்ட் அதிகம் போட்டால் கையில் குறைவது 370 ரேண்ட்தான், மீதி 130 வரியில் மிச்சம். சம்பள உயர்வு வருகிற மாதமே இதைச் செய்துவிடுங்கள். புதுச் சம்பளம் கைக்குப் பழகிவிட்டால் அப்புறம் மனசு வராது.

கையில் இருக்க வேண்டிய பணம்

2021 ஜூலையில் இங்கே கடைகள் சூறையாடப்பட்டபோது பாலுக்கும் ரொட்டிக்கும் மணிக்கணக்கில் வரிசையில் நின்றோம். அடுத்த ஏப்ரலில் வெள்ளம். இரண்டிலும் வேலை நின்று சம்பளம் நின்றவர்கள் நிறைய. அதனால் ஒரு மாதச் செலவுக்கு உரிய பணத்தை முதலில் சேருங்கள், பிறகு அதை மூன்று மாதமாக்குங்கள். எடுப்பதற்கு 32 நாள் முன்பே சொல்ல வேண்டிய நோட்டீஸ் கணக்கு இதற்கு நல்லது. வட்டி கொஞ்சம் கூட வரும், ஏடிஎம் கார்டால் எட்ட முடியாது. ஒரு வாரச் செலவை மட்டும் உடனே எடுக்கக்கூடிய கணக்கில் வையுங்கள்.

வங்கி விழுந்துவிட்டால்? 2018-ல் விபிஎஸ் வங்கி விழுந்தபோது ஸ்டாக்வெல் என்னும் சேமிப்புக் குழுக்களின் பணமும் ஈமச்சடங்குச் சங்கங்களின் பணமும் மாட்டிக்கொண்டன. 2024 ஏப்ரல் 1 முதல் வைப்புக் காப்பீடு நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஒரு வங்கியில் ஒருவருக்கு 1,00,000 ரேண்ட் வரை பாதுகாப்பு. அதற்கு மேல் ரொக்கம் வைத்திருப்பவர் இரண்டு வங்கியில் பிரித்து வைப்பது புத்தி. சீட்டுப் போடுகிறவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. சீட்டே போடாதீர்கள் என்று சொன்னால் என் நாத்தனார் என்னோடு பேச மாட்டாள். ஆனால் ஓய்வுக்காலப் பணத்தைச் சீட்டில் வைக்காதீர்கள். மாதம் 10 சதவீதம் தருகிறோம் என்று வாட்ஸப்பில் வருகிறவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கலவரத்தில் எரிந்த காருக்கும் வீட்டுக்கும் சாதாரணக் காப்பீடு பணம் தராது. அது சாஸ்ரியா என்ற அரசுக் காப்பீட்டின் கீழ் வருகிறது. உங்கள் பாலிசியில் சாஸ்ரியா என்று தனி வரி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். மிகச் சிறிய தொகைதான்.

பாண்ட்

வீட்டுக் கடனை இங்கே பாண்ட் என்பார்கள், அதைப் பற்றி ஒரு கணக்கு மட்டும் தருகிறேன். பத்து லட்சம் ரேண்ட், 20 ஆண்டு, 10.5 சதவீத வட்டி என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 9,984 ரேண்ட். அதோடு மாதம் 1,000 சேர்த்துக் கட்டினால் கடன் 15 ஆண்டு 3 மாதத்தில் முடியும், வட்டியில் 3,80,000-க்கு மேல் மிச்சம். வட்டி விகிதம் இறங்கும்போது பழைய தவணையையே தொடர்ந்து கட்டுங்கள், குறைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். அக்செஸ் பாண்ட் வைத்திருந்தால் கூடுதலாகக் கட்டியதைத் திரும்ப எடுக்கவும் முடியும். கட்டுப்பாடு உள்ளவருக்கு அது வரம். என் வீட்டுக்காரரைப் போல ஹார்ட்வேர் கடைக்குள் போனால் வெளியே வராதவர்கள் அந்த வசதியை மூடிவைப்பது நல்லது.

கடை அட்டை, சம்பளத்துக்கு முன்பண லோன் எல்லாம் இதற்கு முன்னால் அடைக்க வேண்டியவை. 20 சதவீத வட்டி கட்டிக்கொண்டே சேமிப்பில் 8 சதவீதம் வாங்குவதில் அர்த்தம் இல்லை.

வரியில்லாச் சேமிப்புக் கணக்கு 2015-ல் வந்தது. வாழ்நாளுக்கு 5,00,000 ரேண்ட் வரை போடலாம். ஆண்டு வரம்பு 2020-ல் 36,000 ஆனது. பட்ஜெட்டில் மாறக்கூடியது, போடுவதற்கு முன் அந்த ஆண்டு எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள். வரம்பைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு 40 சதவீதம் வரி. எடுத்ததைத் திரும்பப் போட்டாலும் அது புதிதாகப் போட்டதாகவே கணக்காகும். அதனால் இதை அவசரப் பணமாக வைக்காதீர்கள், பிள்ளைகளின் படிப்புக்கோ முதுமைக்கோ ஒதுக்குங்கள். பங்குச் சந்தை என்றாலே பயப்படுகிறவர்களுக்கு அரசின் ரீடெய்ல் சேவிங்ஸ் பாண்ட் என்ற சேமிப்புப் பத்திரம் இருக்கிறது, 1,000 ரேண்டில் தொடங்கலாம்.

எங்கே போட்டாலும் கட்டணத்தைக் கேளுங்கள். மாதம் 2,000 ரேண்ட், 30 ஆண்டு. விலைவாசிக்கு மேல் 5 சதவீதம் வளர்ந்தால் இன்றைய மதிப்பில் 16 லட்சத்தைத் தாண்டும். கட்டணத்தில் இரண்டு சதவீதம் போய் 3 சதவீதம்தான் வளர்ந்தால் ஏறக்குறைய 11.6 லட்சம். ஏஜென்டிடம் 'எஃபெக்டிவ் ஆனுவல் காஸ்ட்' அட்டவணை கேளுங்கள். அதில் எல்லாக் கட்டணமும் சேர்ந்து ஒரே சதவீதமாக இருக்கும். தர யோசித்தால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடலாம்.

சாவுக்குக் கட்டும் பணம்

நம் ஆட்களிடம் இதைச் சொன்னால் முகம் மாறும், இருந்தாலும் சொல்கிறேன். மூன்று மாத வங்கி அறிக்கையை அச்செடுத்து, மஞ்சள் மார்க்கரால் ஃப்யூனரல் பாலிசிக்குப் போகிற ஒவ்வொரு வரியையும் கோடு போடுங்கள். வங்கி கணக்கோடு சேர்த்து விற்றது ஒன்று. துணிக்கடை அட்டையோடு ஒட்டிக்கொண்டது ஒன்று. கம்பெனியில் ஒன்று. கோவில் பக்கத்து ஈமச்சடங்குச் சங்கத்தில் ஒன்று. மாமியாருக்கு மூத்த மகன் ஒரு பாலிசி கட்டுவார், இளைய மகன் இன்னொன்று, மருமகள் தெரியாமல் மூன்றாவது. எங்கள் உறவில் ஒரு வீட்டில் எண்ணிப் பார்த்தபோது நான்கு பேருக்கு ஒன்பது பாலிசி, மாதம் 1,400 ரேண்டுக்கு மேல். அதே வீட்டில் ஓய்வுக்காலத்துக்கு என்று தனியாக ஒரு காசு போகவில்லை.

மோபெனி ஹைட்ஸிலோ கிளேர் எஸ்டேட்டிலோ தகனத்துக்கு, வீட்டுக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாடு, பதினாறாம் நாள் காரியம் எல்லாம் சேர்த்து உங்கள் வீட்டில் போன முறை எவ்வளவு ஆயிற்று என்று பெரியவர்களைக் கேளுங்கள். அந்தத் தொகைக்கு ஒருவருக்கு ஒரு பாலிசி போதும். நிறுத்துவதற்கு முன் வரிசையைக் கவனியுங்கள். புதிதாக எடுத்தால் இயற்கை மரணத்துக்குக் காத்திருப்புக் காலம் இருக்கும், அதனால் வைத்துக்கொள்ளப் போகிற பாலிசியின் காத்திருப்பு முடிந்த பிறகே மற்றதை நிறுத்துங்கள். மிச்சமான தொகையை அதே தேதியில், அதே டெபிட் ஆர்டராக, வரியில்லாச் சேமிப்புக் கணக்குக்குத் திருப்பிவிடுங்கள். வீட்டில் யாருக்கும் குறைந்ததே தெரியாது.

கல்யாணப் பத்திரமும் உயிலும்

தென்னாப்பிரிக்காவில் கல்யாணத்துக்கு முன் நோட்டரியிடம் ஒப்பந்தம் எழுதவில்லை என்றால், சொத்தும் கடனும் இருவருக்கும் பொது. கணவர் கடை நடத்திக் கடன்பட்டால் மனைவி பெயரில் உள்ள வீடும் ஆட்டம் காணும். எங்கள் கல்யாணம் கும்பகோணத்தில்தான் நடந்தது. ஆனால் அப்போது கணவரின் நிரந்தர இருப்பிடம் டர்பன் என்பதால் இந்த ஊர்ச் சட்டம்தான் எங்களுக்கும். கல்யாணம் ஆன பிறகு மாற்ற வேண்டுமென்றால் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டும். பிள்ளைகளுக்குக் கல்யாணம் பேசும்போது மண்டபம் பார்ப்பதற்கு முன்னால் நோட்டரியைப் பாருங்கள்.

கோவிலில் தாலி கட்டியாயிற்று, பதிவு செய்யவில்லை என்றால் சிக்கல் இன்னும் பெரிது. ஐயர் பதிவு அதிகாரியாகவும் இருந்து பதிவேட்டில் கையெழுத்து வாங்கியிருந்தால்தான் அது சட்டப்படி கல்யாணம். 2008-ல் டர்பன் உயர் நீதிமன்றம், உயில் இல்லாமல் இறந்தவரின் இந்து முறை மனைவியும் வாரிசுச் சட்டப்படி துணைவிதான் என்று தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் அந்தப் பெண் துக்கத்தோடு துக்கமாக, பங்கு கேட்ட மாமனார் மாமியாருக்கு எதிராக வழக்காட வேண்டியிருந்தது. உள்துறை அலுவலகத்தில் ஒரு நாள் வரிசையில் நின்று பதிவு செய்வது அதைவிட எளிது.

ஃபண்ட் பணம் உயில் வழியாகப் போகாது. நாமினேஷன் ஃபார்மில் ஒரு பெயரை எழுதிவிட்டதால் அவருக்கே முழுதும் போகும் என்பதும் இல்லை. பென்ஷன் ஃபண்ட் சட்டத்தின் 37சி பிரிவுப்படி, இறந்தவரை நம்பி வாழ்ந்தவர்கள் யார் யார் என்று அறங்காவலர்கள் விசாரித்துப் பிரிப்பார்கள். நீங்கள் எழுதியதை அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள், ஆனால் கட்டுப்பட மாட்டார்கள். அதனால் தாயாருக்கு மாதாமாதம் பணம் தருகிறீர்கள் என்றால் அதை ஃபார்மில் எழுதுங்கள், வங்கி வழியாகவே அனுப்புங்கள். கல்யாணத்துக்கு முன் எழுதிய ஃபார்மில் அண்ணன் பெயரே இருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். கூப்பிட்டுச் சொன்னால், "அடுத்த மாதம் மாற்றுகிறேன் அக்கா" என்பார்கள்.

ஒருவர் இறந்ததும் அவருடைய வங்கிக் கணக்கு முடக்கப்படும். மனைவிக்குத் தனிக் கணக்கும் அதில் இரண்டு மாதச் செலவும் இருக்கட்டும். உயிலில் இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும், அவர்கள் 14 வயது நிரம்பியவர்களாக இருக்க வேண்டும். சொத்துப் பெறப்போகிறவர் சாட்சி போட்டால் அவருடைய பங்கு போய்விடும், எனவே பிள்ளைகளையோ மருமகளையோ சாட்சியாக நிறுத்தாதீர்கள். சிறு பிள்ளைகள் இருந்தால் உயிலிலேயே டிரஸ்ட் அமைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அவர்கள் பங்கு அரசின் கார்டியன்ஸ் ஃபண்டுக்குப் போய்விடும். உயிலை நிறைவேற்றும் எக்ஸிகியூட்டரின் கட்டணம் 3.5 சதவீதமும் வாட் வரியும் வரை போகலாம். அதைக் குறைத்து எழுதிக்கொள்ளும்படி முன்கூட்டியே பேரம் பேசலாம்.

வேலை விசாவில் வந்திருக்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. விசா முடிந்து ஊர் திரும்பும்போது ரிடயர்மென்ட் ஆனுவிட்டியில், அதாவது கம்பெனி இல்லாமல் தனியாகப் போடும் ஓய்வுக்கால ஃபண்டில், உள்ள பணத்தை எடுக்க வழி உண்டு. இங்கே நிரந்தரமாக இருந்துவிட்டு வேறு நாட்டுக்குக் குடிபோகிறவர்கள், வரிக்கு இந்நாட்டில் வசிக்காதவராகத் தொடர்ந்து மூன்று ஆண்டு கழிந்த பிறகே எடுக்கலாம். இரண்டுக்கும் சார்ஸிடம் காகிதம் வேண்டும், விமானம் ஏறுவதற்கு முன்பே வேலையைத் தொடங்குங்கள்.

உயில் எழுதச் செலவாகும் என்று தள்ளிப்போடுகிறவர்கள் செப்டம்பர் மாதம் வரும் தேசிய உயில் வாரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதில் சேர்ந்துள்ள வழக்கறிஞர்கள் எளிய உயிலை இலவசமாக எழுதித் தருவார்கள். இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும், ஆகஸ்ட் கடைசியிலேயே ஃபோன் செய்துவிடுங்கள். போகும்போது அடையாள அட்டை, கல்யாணச் சான்றிதழ், வீட்டுப் பத்திரத்தின் நகல் மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள்.